மேலே போனவர்

பூதத்தான் அண்ணாச்சியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே தகராறு. இருக்கிறார் என்று எழுதுவதா, இருந்தார் என்று எழுதுவதா? நேற்று சாயங்காலம்கூட என் கடை வாசல் வழியாகத்தான் நடந்து போனார். ஆனாலும் இருந்தார் என்றுதான் எழுதப்போகிறேன். யாராவது கோபப்பட்டால் படட்டும். எனக்கே கோபம்தான்.

என் பெயர் தனசீலன். தாராவி தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது பெயருக்குத்தான். மனு எழுதுவது, பாரம் நிரப்புவது, மராத்தியில் வந்த நோட்டீஸைப் படித்துச் சொல்வது, இதுதான் பிழைப்பு. நம் ஆட்கள் இந்தியில் சண்டை போடுவார்கள், தமிழில் கையெழுத்துப் போடுவார்கள், மராத்தியில் ஒரு தாள் வந்துவிட்டால் மட்டும் முகம் வெளுத்து என்னிடம் ஓடிவருவார்கள். நானும் பெரிய பண்டிதன்போல மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொள்வேன்.

பூதத்தானுக்கு ஊர் வள்ளியூர் பக்கம். பதினெட்டு வயதில் இங்கே வந்து குர்லாவில் ஒரு கிரில் பட்டறையில் வெல்டிங் கற்றுக்கொண்டார். குலசாமி பெயரை வைத்துக்கொண்டு இந்திக்காரர்கள் நடுவே பிழைப்பது லேசான காரியம் இல்லை. அவர்களுக்குப் பூத் என்றால் பேய். பட்டறையில் எல்லோரும் பூத் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். அவர் கை ராசி இரும்பு ஏணியில் இருந்தது. எங்கள் வீடுகள் பத்துக்குப் பன்னிரண்டு. மேலே ஒரு அறை எடுத்தால் அதற்குப் பெயர் மாளா. மாளாவுக்குப் போகும் படிக்கு ஒன்றரை அடி இடம் கிடைத்தால் அதிகம். அந்த ஒன்றரை அடியில், கர்ப்பிணிப் பெண்கூடப் பயப்படாமல் ஏறும்படி ஏணி வைக்க இந்தப் பக்கத்தில் அவரை விட்டால் ஆள் கிடையாது.

ஊருக்கெல்லாம் ஏணி வைத்தவருக்குச் சொந்தமாக ஒரு கதவு இல்லை. இசக்கிசெல்வி வீட்டு மாளாவில் இருபத்துநான்கு வருஷமாக வாடகைக்கு இருந்தார். பெண் பார்க்கப் போன இடங்களில் எல்லாம் சொந்த ரூம் இருக்கிறதா என்று கேட்டார்களாம். மூன்றாவது வீட்டுக்குப் பிறகு அவர் போவதை நிறுத்திவிட்டார். இதைச் சொல்லும்போது அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை, எனக்குத்தான் இருந்தது.

போன வருஷம் அரசாங்கம் கட்டட விதியைத் திருத்தியது. வீட்டுக்கு மேலேயோ பின்னாலேயோ இருக்கும் அறைக்குத் தனிப் படியும் தனிக் கதவும் இருந்தால் அது துணைக் குடியிருப்பாம். அதில் குடியிருப்பவருக்கு அவர் பெயரிலேயே ஒரு தாள் கொடுப்பார்களாம். அவரை யாரும் இறக்கிவிட முடியாது, வாடகையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. நாற்பது வருஷமாக நாங்கள் திருட்டுத்தனமாகச் செய்துகொண்டிருந்ததை அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்தது போலத் தமிழிலும் நோட்டீஸ் அடித்து ஒட்டினார்கள். சந்தே சிரித்தது. பூதத்தான் மட்டும் சிரிக்கவில்லை. அந்த நோட்டீஸை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை வாசித்துவிட்டு, "அப்பம் எம்பேரு கதவுல வருமா அண்ணாச்சி?" என்று கேட்டார். வரும் என்றேன்.

சர்வே எடுக்க வந்தவன் வெளியூர்க்காரன், சின்ன வயசு. பகல் பதினொரு மணி. இசக்கிசெல்வி கீழே மிஷினில் ஸ்கூல் பை தைத்துக்கொண்டிருந்தாள். மேலே இருக்கிறவர் எங்கே என்று இந்தியில் கேட்டிருக்கிறான். பூதத்தானுக்கு அன்று வேலை இல்லை; காலையிலேயே குளித்துவிட்டு ஏணியில் ஏறிப் போயிருந்தார். இவள் மிஷினை நிறுத்தாமல் தனக்குத் தெரிந்த இந்தியில் பதில் சொன்னாள்.

"வோ ஊப்பர் சலா கயா."

மேலே போய்விட்டார். இந்தியிலும் சரி, தமிழிலும் சரி, ஒரு வயசான மனுஷனைப் பற்றி இப்படிச் சொன்னால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். ஆனால் எங்கள் சந்தில் ஒரு நாளைக்கு நூறு பேர் மேலே போகிறார்கள், நூறு பேர் இறங்கி வருகிறார்கள். அந்த இன்னொரு அர்த்தம் எங்கள் காதில் விழாமல் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அவன் எப்போது என்று கேட்டிருக்கிறான். இன்றைக்குக் காலையில் என்றாள். குடும்பம் இருக்கிறதா என்றான். யாரும் இல்லை என்றாள். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு ஏணியடியில் கொஞ்ச நேரம் நின்றான். மேலே ஏறவில்லை. படிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு எண்ணை எழுதிவிட்டுப் போய்விட்டான். மரியாதை தெரிந்த பிள்ளை என்று இசக்கிசெல்வி என்னிடம் வந்து மெச்சிக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்துப் பட்டியல் வந்தது. பூதத்தான் பெயருக்கு நேரே மராத்தியில் மயத் என்று இருந்தது. இறந்தவர். வாரிசு இல்லை. அறை காலி.

நான் வாசித்துச் சொன்னபோது அவர் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அந்தப் பையன் பேசியது மேலே கேட்டது என்றார். அப்படியானால் ஏன் இறங்கி வரவில்லை என்று நான் கத்தினேன். கீழ்வீட்டுக்காரர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், கூப்பிடாமல் எப்படி வருவது என்றார். எனக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது.

திருத்த மனு எழுதிக்கொண்டு இரண்டு பேரும் ஆபீசுக்குப் போனோம். கவுண்டரில் இருந்த அம்மாள் நல்லவள்தான். உயிரோடுதான் நிற்கிறாரே, ரேகை வைக்கட்டும், சரியாகிவிடும் என்றாள். வைத்தார். மிஷின் சிவப்பு விளக்கைக் காட்டியது. வலது பெருவிரல், இடது பெருவிரல், பத்து விரலும் வைத்துப் பார்த்தார். நாற்பது வருஷம் சூட்டிரும்பைப் பிடித்த விரல்களில் ரேகை எங்கே இருக்கும் என்று நான் வாதாடினேன். அவள் அவர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டென்று விட்டாள். பிறகு தன் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிக்கிறோம், மாதக் கடைசிக்குள் முடியாவிட்டால் அறை அடுத்தவருக்குப் போய்விடும் என்றாள்.

அதற்குள் செய்தி பரவிவிட்டது. முதலில் எல்லோரும் கேலி பேசினார்கள். டீக்கடையில் முகைதீன் அவரைப் பார்த்ததும் பயந்ததுபோல நடிப்பான். ஒரு வாரத்தில் அந்தக் கேலி நின்றது. அதற்குப் பிறகு வந்ததுதான் மோசம். ஏணியில் அவர் இறங்கும்போது பிள்ளைத்தாய்ச்சிகள் உள்ளே போய்விடுவார்கள். முகைதீன் டீயைக் கையில் கொடுக்காமல் மேஜையில் வைக்க ஆரம்பித்தான். பட்டறையில், பெயர் விட்டுப்போச்சு என்று சொல்லி வேலைக்குக் கூப்பிடவில்லை. ஒருத்தரும் வேண்டுமென்று செய்யவில்லை.

விசாரிக்க வந்த அதிகாரி பொறுமையான ஆள். இசக்கிசெல்வியைக் கேட்டார்: தலைக்கு மேலே இருபத்துநான்கு வருஷம் ஒருவர் குடியிருக்கிறார் என்றால் நடக்கிற சத்தம் கேட்டிருக்குமே? அவள் முகம் மாறியது. "கேட்டதில்ல சார்," என்றாள். "ஒரு நாளும் கேட்டதில்ல. இப்பம்தான் யோசிக்கேன்."

அவள் பொய் சொல்லவில்லை. மாளாவில் இருக்கிறவன் கீழே இருக்கிறவன் தலையில் நடக்கிறான் என்பது பூதத்தானுக்கு எப்போதும் ஞாபகம் இருக்கும். தகரத்துக்கு மேலே சாக்கு, சாக்குக்கு மேலே பழைய டயர், அதற்கு மேலே பிளைவுட் என்று தரை போட்டவர். அதிலும் பூனை மாதிரித்தான் நடப்பார். இதை நான் அதிகாரியிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, மேலே போய் நன்றாக அழுத்தி நடக்கட்டும், கேட்டால் எழுதிக்கொள்கிறேன் என்றார். பூதத்தான் ஏறிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாங்கள் மூன்று பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இசக்கிசெல்வி மிஷினையும் ஃபேனையும் நிறுத்தினாள். வெளியே சந்தில் யாரோ தண்ணீர் டிரம்மை உருட்டிப் போனார்கள். மேலே ஒன்றும் இல்லை. ஒரு கரப்பான் ஓடினால்கூடக் கேட்டிருக்கும். அஞ்சு நிமிஷம் கழித்து அவர் இறங்கி வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, மூச்சு இரைத்தது. குதித்தேன் என்றார். மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தவரைக் கும்பிடுகிறவன் நான். அந்தப் பட்டப்பகலில் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அதிகாரி அவர் முகத்தைப் பார்க்காமல் என்னிடம் மட்டும் கேட்டார்: இறந்தவருக்கு வாரிசு யாராவது உண்டா? இருந்தால் அறை அவருக்குப் போகும்.

அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது. அது வேலை செய்யாமல் இருந்திருக்கலாம். எங்கள் ஜில்லாவில் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே குலசாமி பெயரை வைப்பது சாதாரணம். பெரிய பூதத்தான், சின்னப் பூதத்தான். அடையாளக் கார்டில் இரண்டு பேருக்கும் பூதத்தான் என்றுதான் இருக்கும். அவருடைய கார்டு அப்படியே தம்பியுடைய கார்டாகிவிடும். ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம். பாரத்தில் உறவு என்ற இடத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "ரூம் கெடைக்குமா?" என்று மட்டும் கேட்டார். கெடைக்கும் என்றேன். "எழுதுங்க." நான் தம்பி என்று எழுதினேன்.

ஆபீசில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அண்ணன் இறந்ததற்கு அவர்கள் பட்டியலே சாட்சி. மிஷினில் அவர் பெருவிரலை வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. கவுண்டர் அம்மாள் அண்ணனுக்காக வருத்தப்படுவதாகச் சொன்னாள். அவர் கை கூப்பி நன்றி சொன்னார். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

கதவில் பெயர் வந்தது. ஏணிக்குப் பூ வைத்துக் கும்பிட்டு உள்ளே போனார். சோதனைக்கு யாராவது வருவார்கள் என்று திருத்த மனுவுக்கு எடுத்த போட்டோவைப் பெரிதாக்கித் தரச் சொன்னார். நானே பெரிதாக்கிக் கொடுத்தேன். அதற்குச் சட்டம் போட்டு, மாலை போட்டு மாட்டினார். சோதனைக்கு ஒருத்தரும் வரவில்லை. போட்டோவை அவர் இறக்கவில்லை. தினமும் காலையில் அதற்கு முன்னால் விளக்கு ஏற்றுவதாக இசக்கிசெல்வி சொன்னாள். மீசையை எடுத்துவிட்டார். பட்டறையில் தம்பி என்று சொல்லி வேலை கேட்டார், சேர்த்துக்கொண்டார்கள். முகைதீன் டீயைக் கையில் கொடுக்கிறான். பிள்ளைத்தாய்ச்சிகள் ஒளிவதில்லை. சந்துக்கே நிம்மதி.

இசக்கிசெல்விக்கு மட்டும் ஒரு குறை. மேலே சத்தம் தாங்க முடியவில்லையாம், விடிந்தால் தொம் தொம் என்று நடக்கிறானாம். "அண்ணன் தங்கமான மனுசன்," என்று என் கடையில் நின்று கண்ணைத் துடைத்தாள். தரையை மாற்றினாரா என்று கேட்டேன். அதே தரைதான் என்றாள்.

போன மாதம் ஒரு நாள் சாலையில் பார்த்து, பூதத்தான் அண்ணாச்சி என்று பின்னாலிருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை. தோளைத் தொட்டபிறகு நின்று, யார் என்று கேட்பதுபோலப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இது விளையாட்டுதான் என்று அன்றைக்கு என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

நேற்றுக்கு முந்தின நாள் கடைக்கு வந்தார். அண்ணனுக்கு வருஷத் திதி, வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும் என்றார். சர்வே நடந்த தேதியைச் சொன்னார். சரி, வருகிறேன் என்றேன். அவர் போகாமல் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஜெராக்ஸ் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை காத்திருந்துவிட்டுப் பேசினார்.

"நீங்க எங்க அண்ணன்கூட நல்லாப் பழகுனவுக. நான் கடைசில பாக்கல. ரொம்பக் கஷ்டப்பட்டாவளா?"

அவர் கண்ணைப் பார்த்தேன். அதில் விளையாட்டு இல்லை. அந்த முகத்தை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும், ஆனால் அந்தப் பார்வையை நான் பார்த்ததே இல்லை.

"ஆமா," என்றேன். "கஷ்டப்பட்டாரு. நாந்தான் பக்கத்துல இருந்தேன்."