பூ கேட்காமல் எழுதிய தேதி

2025 ஜூன் 9, திங்கட்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். சாரல். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மூட்டம். மலைமேல் சோளக்காடு நிறுத்தத்தில் பஸ் ஏறினேன். சென்னைக்கு இது மூன்றாவது பயணம். பையில் நாற்பத்து நான்கு தாள்கள். கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே இறங்கினேன். எழுபது. ஒன்றும் குறையவில்லை.

எங்கள் ஊரார் இந்த ஆண்டு பலாப்பழத்தை வியாபாரியிடம் கொடுக்காமல், சென்னையில் ஒரு மைதானத்தில் ஒரு நாள் சந்தை போட்டுத் தாங்களே விற்பதென்று முடிவு செய்திருந்தார்கள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் என்பதால் அனுமதி வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது. மைதானம், போலீஸ், தீயணைப்பு, ஒலிபெருக்கி என்று நான்கு அனுமதிகள். ஒப்பந்தத்தில் இருபத்து மூன்று நிபந்தனைகள். பதினேழாவது, பழத்தோலை நாங்களே அள்ளிப் போக வேண்டும் என்பது. எல்லாவற்றையும் இரண்டு முறை படித்து, 22ஆம் தேதி ஞாயிறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊர் திரும்பினேன்.

ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் தாள்களைப் புரட்டினார்.

"எல்லாஞ் சரிங்க வாத்தியாரே. சாமிகிட்ட எப்பக் கேட்டீங்க?"

"நாலு ஆபீஸ்ல கேட்டிருக்கேனுங்க."

"அஞ்சாவது ஆபீஸ் நம்மூர்லதானுங்களே இருக்குது. பஸ்சுகூட ஏற வேண்டியதில்லீங்க."

அறுப்பு எதுவானாலும் எங்கள் ஊரில் பூக் கேட்டுத்தான் நாள் குறிப்பது. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனி இலையில் மடித்துச் சாமி முன் வைப்பார்கள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். இது எனக்குத் தெரியாததல்ல. நான்கு முத்திரைகளைப் பார்த்த மயக்கத்தில் மறந்துவிட்டேன்.

22ஆம் தேதிக்குக் கேட்டார்கள். சிவப்பு வந்தது. இனி அந்த நாளுக்காக ஒருவரும் மரத்தில் கத்தி வைக்க மாட்டார்கள். மாதம் தாண்டினால் பழம் மரத்திலேயே வெடிக்கும். வியாபாரி சொல்வதுதான் விலை. மூன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. அதனால்தான் இந்தப் பயணம்.

மாலை மூன்றரைக்கு அலுவலகத்தில் இருந்தேன். மைதானப் பிரிவில் இருந்த பெண் அதிகாரி என்னைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"மறுபடியும் நீங்களா சார்? தேதி மாத்தறதுன்னா காரணம் எழுதணுமே."

உள்ளதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்து மேசைக்காரர் அவருக்கும் சேர்த்துச் சிரித்தார்.

"அந்தச் சாமிகிட்ட ஒரு தடையின்மைச் சான்று வாங்கிட்டு வரச் சொல்லுங்க மேடம்!"

"29 மட்டும்தான் காலியா இருக்கு சார். அதுக்கப்புறம் ஒண்ணரை மாசத்துக்கு மைதானம் இல்ல" என்றார் அந்த அம்மா. உடனே எழுதிக் கொடுத்தேன். முத்திரையை ஓங்கியவர் அப்படியே நிறுத்தினார்.

"29க்குப் பூ கேட்டாச்சா சார்?"

கேட்கவில்லை.

"இன்னொரு தடவ மாத்த முடியாது. இப்பவே போன் போட்டுக் கேளுங்க."

நல்லவேளையாக எங்கள் ஊரில் கோயில் மேட்டில்தான் டவர் கிடைக்கும். அங்கே போனை எடுத்த பையன் ஓடிப்போய்ச் சொல்லி, ஊர்க்கவுண்டர் பூசாரியைக் கூட்டிக்கொண்டு மேடேறப் பத்தொன்பது நிமிடம் ஆயிற்று. அதற்குள் மேசையைச் சுற்றி எட்டுப் பேர். ஸ்பீக்கரில் போட்டேன். மணியோசை கேட்டது.

"அங்க யாருங்க கூட்டமா?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"ஆபீஸ்ல எல்லாரும் கேட்டுட்டு இருக்காங்க."

"செருப்பக் கழட்டச் சொல்லுங்க."

மேசைக்கு அடியில், பக்கத்து மேசைக்காரர் சத்தமில்லாமல் ஷூவிலிருந்து காலை உருவுவதைப் பார்த்தேன். முதலில் வலது கால். பிறகு இடது.

"வெள்ளைங்க, வாத்தியாரே!"

முத்திரை விழுந்தது.

29ஆம் தேதி மூன்று மணிக்குள் பழம் தீர்ந்தது. மறுவாரம் ஊர்க்கூட்டத்தில், தேதி மாற்றிய செலவு யாருடையது என்ற பேச்சு வந்தது. "பூக் கேக்காமத் தேதி எழுதுனது யாருங்க?" என்று மட்டும் ஊர்க்கவுண்டர் கேட்டார். கையைத் தூக்கினேன். மாற்றுக் கட்டணம், போக வர பஸ், மறுபடி எடுத்த நகல்கள், எல்லாம் சேர்த்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு ரூபாய்.