எலிக்குத் திரும்பிய உணர்ச்சி

பாலமுனைச் சந்தியில் பஸ்ஸை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, கண்டக்டர் றவூப்பின் கையில் சாவியைக் கொடுத்தபோது ஸலாஹுதீனுக்கு வயது ஐம்பத்திரண்டு. பொத்துவிலுக்கும் கல்முனைக்கும் இடையே இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர்.

"என்ன காக்கா, பழுதா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டான் றவூப்.

"பஸ்ஸுக்கு ஒண்டுமில்ல. பிரேக் எங்க இரிக்கெண்டு கால்ல தெரியுதில்ல. குனிஞ்சு பார்த்துத்தான் மிதிக்கிறன்."

ஜன்னல்கள் வழியாக ஏச்சு வந்தது. கல்யாண வீட்டுக்குப் பிந்துகிறது என்றார் ஒருவர். வேறு டிரைவர் வந்து சேரும்வரை ஸலாஹுதீன் வெயிலில் நின்று அத்தனையையும் வாங்கிக்கொண்டார்.

பதினான்கு வருடச் சீனி வருத்தம், நீரிழிவு. முதலில் கால்விரல்களில் எறும்பு ஊர்ந்தது. பிறகு எரிந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. தொழுகைக்கு ஒழுவெடுக்கும்போது பாதத்தில் தண்ணீர் விழுவதைக் கண்ணால்தான் அறிந்தார்.

வீட்டில் முடங்கிய நாலாம் மாதம், பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கும் மகள் பஹ்மிதா ஒரு கட்டுரையைக் கொண்டுவந்தாள்.

"செல்லுக்குச் சூடு, அதிர்ச்சி எண்டு வந்தா அதைக் காப்பாத்துற புரதங்கள் இரிக்கு வாப்பா. வெப்ப அதிர்ச்சிப் புரதம் எண்டு பேர். அதில ஒண்டை ஒரு புது மருந்து அடக்குது. அது அடங்க, இன்னொண்டு கூடுது. கூடுறதுதான் நரம்பைத் திருத்துதாம்."

"ஆருக்குத் திருத்தின?"

"எலிக்கு. சீனி வருத்தம் உண்டாக்கின எலிக்கு. மரத்த கால்ல திரும்ப உணர்ச்சி வந்திருக்கு."

"எலி என்ன, பஸ்ஸா ஓட்டப்போகுது?" என்று எழுந்து போனார். ஆனால் மறுநாளே அதைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். மருந்துக்குச் சரியான பெயர்கூட இல்லை, எழுத்தும் இலக்கமும்தான். அதை ஒரு துண்டில் எழுதி, கிளினிக்கில் டொக்டர் பவிதரனிடம் நீட்டினார்.

"இது இன்னும் கடைக்கு வரல்ல" என்றார் டொக்டர். "இப்பதான் மனிசருக்குக் குடுத்துப் பார்க்கத் தொடங்கியிருக்கிறாங்க. அதுவும் சுகமான ஆக்களுக்கு."

"சுகமான ஆக்களுக்கு என்னத்துக்கு மருந்து?"

"கெடுதி செய்யுமா எண்டு முதல்ல பார்க்க வேணும்."

"அதுக்குள்ள என்ட கால் என்னாகிற?"

டொக்டரிடம் இருந்தது பழைய பதில்தான்: சீனியைக் கட்டுப்படுத்துங்கள், தினமும் உள்ளங்காலைப் பாருங்கள், வீட்டுக்குள்ளும் செருப்புப் போடுங்கள். நாலு வருடமாக இதையே கேட்ட ஸலாஹுதீனுக்கு அது மருத்துவமாகவே தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து மகளை உட்காரவைத்து, மருந்து செய்பவர்களுக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதச் சொன்னார். "என்னில செஞ்சு பாருங்க எண்டு எழுது. எலியவிட எனக்குக் கால் தேவை எண்டும் எழுது."

ஒன்பது வாரம் கழித்து நாலு வரியில் பதில் வந்தது. நன்றி சொல்லியிருந்தார்கள். தங்கள் நாட்டில் வசிப்பவர்களை மட்டுமே சேர்க்கிறார்களாம்.

பஹ்மிதா வாசித்து முடிக்குமுன் ஸலாஹுதீன் கத்தத் தொடங்கினார். நீ பிழையாக எழுதினாய் என்றார். படித்த படிப்பு எதற்கு என்றார். குசினிக்கும் வாசலுக்கும் வெறுங்காலோடு நடந்து நடந்து கத்தினார். பஹ்மிதா அழுதாள். மனைவி றுகையாதான் சீமெந்துத் தரையைப் பார்த்தாள்.

"சத்தம் போடாம இரிங்க. காலைத் தூக்குங்க."

தரை முழுக்க இரத்தத் தடம். உள்ளங்காலில் போத்தல் துண்டொன்று ஆழமாக ஏறியிருந்தது. அதன்மேல்தான் அவ்வளவு நேரமும் நடந்திருக்கிறார். றுகையா இழுத்தெடுத்தபோதும் அவர் முகம் சுளிக்கவில்லை. துண்டு வெளியே வந்தும் வலிக்கவில்லை என்பதில்தான் ஸலாஹுதீன் பயந்தார்.

புண் ஆற ஏழு வாரம். புண் பழுத்துச் சின்னவிரலை வெட்ட வேண்டிவந்தது, கால் தப்பியது. அதன்பின் பின்னேரம்தோறும் றுகையா கண்ணாடியைப் பிடிக்க, முணுமுணுத்துக்கொண்டே உள்ளங்காலைப் பார்த்தார்.

இப்போது கல்முனை பஸ் நிலையத்தில் கதிரையில் இருந்து பஸ்களுக்கு நேரம் குறிக்கிறார். பிந்தி வரும் டிரைவர்களை அவர் ஏசுவது சந்தைவரை கேட்கும். மகளிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. ஆனால் அவள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரே விசாரணை.

"அந்த மருந்து எந்த மட்டில நிக்கிது?"

"அடுத்த கட்டம் எண்டாங்க. மறுகா ஒரு செய்தியுமில்ல."

"நிப்பாட்டிட்டாங்களா?"

"நிப்பாட்டினதெண்டும் போடல்ல, தொடங்கினதெண்டும் போடல்ல."

"அப்ப கேட்டு எழுது."

"நாலு தரம் எழுதிட்டன் வாப்பா."

"அஞ்சாந்தரமும் எழுது" என்றார் ஸலாஹுதீன்.