ஆரோக்கியசாமி ஊற்றிய தண்ணீர்

செய்தி வந்தது பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில். காலை டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். நம் பள்ளியின் முன்னாள் ஆய்வக உதவியாளர் ஆரோக்கியசாமி அதிகாலையில் காலமானார் என்று ஒரு வரி. அதன் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள், பூக்கள், 'தங்கமான மனுசர்', 'ஈடு செய்ய முடியாத இழப்பு'. அடடா, என்ன பாசம்! அவர் வேலையில் இருந்தபோது இவர்களில் பாதிப் பேர் முதுகுக்குப் பின்னால் அவரை 'மீன்கொல்லி' என்றுதான் சொன்னார்கள். அந்தப் பெயர் அவருக்கு வரக் காரணமானவள் நான். நானும் ஒரு கும்பிட்ட கையைப் போட்டுவிட்டு டீயைக் குடித்து முடித்தேன்.

வெள்ளிக்கிழமை பள்ளியில் நடக்கும் இரங்கல் கூட்டத்துக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். "நீங்க கெமிஸ்ட்ரி டீச்சர், அவரு உங்க லேபு ஆளு. நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க மேடம், போதும்" என்றார்கள். எழுதுகிறேன். நாலு வார்த்தையில் நிற்காது.

அவரை அறிந்தவர்களுக்கு முன்கூடத்து மீன் தொட்டி நினைவிருக்கும். கண்ணாடித் தொட்டி, அதில் பதினோரு பொன்மீன்கள். பள்ளிக்கு யாரோ பரிசாகக் கொடுத்தது; பார்த்துக்கொள்ளும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார். அவர் தண்ணீர் தயாரிக்கும் விதத்தை நான் எத்தனையோ முறை கேலியாகப் பார்த்திருக்கிறேன். குழாய்த் தண்ணீரை ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து, மூடாமல், காற்றுக் குழாயைப் போட்டு மூன்று நாள் குமிழி விட வைப்பார். மூன்றாம் நாள் குனிந்து மோந்து பார்ப்பார். பிளீச்சிங் வாடை துளி இருந்தாலும் இன்னொரு நாள். அவசரமென்றால் மட்டும் கடையில் விற்கும் குளோரின் முறிக்கும் சொட்டு மருந்து. தொட்டித் தண்ணீரில் ஒரு கையும் டிரம்மில் ஒரு கையும் விட்டுச் சூடு ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு, தொட்டியிலிருந்து நாலில் ஒரு பங்கை மட்டும் எடுத்துவிட்டு, குவளை குவளையாக ஊற்றுவார்.

"ஊரே குடிக்கிற தண்ணிதானே ஆரோக்கியம், இவ்வளவு அலட்டல் எதுக்கு?" என்று கேட்டேன். "நாம குடிச்சுட்டுப் போயிருவோம் டீச்சர். அதுக அதுக்குள்ளயே குடியிருக்கணும்ல" என்றார். பிறகு நானே பல வகுப்புகளில் இதை என் சொந்த வாக்கியம் போலச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

ஒரு வருடம் மேலதிகாரி ஒருவர் பள்ளியைப் பார்வையிட வருவதாக இருந்தது. முன்கூடத்தில் நீல டிரம் அசிங்கமாகத் தெரிகிறது என்றார் அன்றைய தலைமை ஆசிரியர். எனக்கு உடனே ஒரு பெருமை முளைத்தது. நாட்டரசன்கோட்டையிலிருந்து என் கல்யாணச் சீரோடு வந்த பெரிய செம்பு அண்டா வீட்டில் சும்மா கிடந்தது. புளி போட்டுத் தேய்க்கச் சொல்லி, பளபளவென்று கொண்டுவந்து இறக்கினேன். நம் ஊர் லட்சணத்துக்கு இதுதான் பொருத்தம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆரோக்கியசாமி மட்டும் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், உள்ள பூசின ஈயம் பூராம் போயிருச்சு. செம்பு அப்படியே தெரியுது. இதுல தண்ணி வச்சா மீனுக்கு ஆகாது."

"செம்புத் தண்ணி மனுசருக்கே மருந்துங்கிறாக. மீனுக்கு ஆகாதாக்கும்? எனக்கே கெமிஸ்ட்ரி சொல்லித் தர்றீகளா?" என்றேன். ஸ்டாஃப் ரூமே சிரித்தது. குளத்துப் பாசியைக் கொல்ல மயில்துத்தம் போடுவார்கள், அது செம்பின் உப்பு, அளவு மிஞ்சினால் மீனும் சாகும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான்தான். அன்றைக்கு அது என் மண்டையில் ஏறவில்லை. ஏறியிருந்தாலும் அத்தனை பேர் முன்னால் ஒத்துக்கொண்டிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

அவர் மறுபடி தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொன்னார். "மேடம் எம்.எஸ்ஸி. படிச்சவங்க. சொன்னதைச் செய்யுங்க" என்று பதில் வந்தது. அண்டாவில் மூன்று நாள் வைத்த தண்ணீரைப் அதிகாரி வருவதற்கு முந்தின நாள் மாலை தொட்டியில் ஊற்றினார். காலையில் அதிகாரி மாலையும் கழுத்துமாக உள்ளே நுழையும்போது ஒன்பது மீன்கள் வயிறு மேலே தெரிய மிதந்தன. பார்த்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. பிற்பாடுதான் தெரிந்தது என்று எழுதினால் என் மானம் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் அது பொய்.

விசாரிக்க இருவரைப் போட்டார்கள். ஒருவர் மூத்த தமிழாசிரியர், மற்றவள் நான். என்ன நியாயம் பாருங்கள்! ஆரோக்கியசாமி ஒரு கண்ணாடிப் பாட்டிலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே மீதி இரண்டு மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன.

"அண்டாத் தண்ணிய ஊத்துறதுக்கு முன்னாடி இது ரெண்டை மட்டும் எடுத்துத் தனியா வச்சேன் டீச்சர். இது என் டிரம்முத் தண்ணி. அதே குழா, அதே நாள் பிடிச்சது. வச்ச பாத்திரம் மட்டுந்தான் வேற. பாருங்க, உசுரோட இருக்குதுக."

ஒன்றை மட்டும் மாற்றி மற்றதையெல்லாம் அப்படியே வைத்துச் சோதிப்பது எப்படி என்று பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மூச்சு முட்ட நடத்துகிறோம். எட்டாம் வகுப்போடு நின்ற மனிதர் அதைச் செய்து என் கண் முன்னால் வைத்திருந்தார். "இதெல்லாம் ஆதாரம் ஆகாது, எடுத்துட்டுப் போங்க" என்றேன். குளோரின் நீங்காத குழாய்த் தண்ணீரை நேரடியாக ஊற்றியதே காரணம் என்று என் கையால் அறிக்கை எழுதினேன். கையெழுத்துக்காக ஆரோக்கியசாமியிடம் நீட்டினேன்; படித்துப் பார்த்தார். "டீச்சர், இதுல அண்டாவைப் பத்தி ஒரு வரிகூட இல்லியே" என்றார். "சும்மா ஃபைல்ல கிடக்கப் போற காகிதம், போடுங்க" என்றேன். கையெழுத்துப் போட்டார். ஒரே வாரத்தில் அவரை ஆய்வகத்திலிருந்து எடுத்து, உடைந்த பெஞ்சுகள் கிடக்கும் அறைக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். மிச்ச நான்கு வருட வேலையையும் அங்கேதான் பார்த்தார். என்னை எதிரில் கண்டால் வழக்கம்போல வணக்கம் சொல்வார். ஆனால் அதன் பிறகு 'டீச்சர்' என்று அவர் கூப்பிட்டதில்லை. எல்லோரையும் போல 'மேடம்' என்றார்.

அடக்கத்துக்கு ஒக்கூர் போயிருந்தேன். ஓய்வுக்குப் பின் மகள் வீட்டில்தான் இருந்தார்கள். அவர் மனைவி மரியபுஷ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "மீன் செத்தது என் அண்டாவாலதான். அவர் மேல ஒரு தப்பும் இல்ல" என்று அழுதேன். அழுதால் ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். வெட்கங்கெட்ட எதிர்பார்ப்பு. அவர் கையை உருவிக்கொண்டார்.

"தெரியும் டீச்சர். அவுக அன்னைக்கே சொன்னாக. இதை எங்ககிட்ட எதுக்குச் சொல்றீக? எங்களுக்குத் தெரியாதா அவுகளை? ரிட்டயரான அன்னைக்கு மேடையில நீங்க பேசப் போறீகன்னு கேட்டதும், இன்னைக்காச்சும் டீச்சர் சொல்லிருவாகன்னு புதுச் சட்டை எடுத்துப் போட்டுட்டு வந்தாக. நீங்க, ஒரு நாளும் லேட்டா வந்ததில்லைன்னு அவுகளைப் பாராட்டிட்டு எறங்கிட்டீக."

பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அன்று மேடையில் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். ஆரோக்கியசாமி தயாரித்த தண்ணீரில் ஒரு மீன்கூடச் செத்ததில்லை. செத்தவை என் அண்டாத் தண்ணீரில் செத்தன. நான் எழுதிய அறிக்கை பொய். அது இன்னும் அந்த ஃபைலில்தான் இருக்கும். அதன் மேல் இதையும் சேர்த்துக் கட்டி வையுங்கள். வெள்ளிக்கிழமை இதை முழுதாக வாசிப்பேன். நடுவில் மைக்கை வாங்கினால் நகலெடுத்து ஸ்டாஃப் ரூம் மேசையில் ஆளுக்கொன்று வைப்பேன்.

அவரைப் பற்றி என் மனசில் மிஞ்சியிருப்பது அந்தப் புதுச் சட்டைதான். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இளநீலம், மடிப்புக்கூடக் கலையவில்லை. முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசிவிட்டு இறங்கி வரும்போது அவர் பக்கத்தில் நின்று, "சட்டை நல்லா இருக்கு ஆரோக்கியம்" என்றேன்.