மணல் மூட்டையில் வைக்காத துப்பாக்கி

தக்கலைப் பக்கம் ஜஸ்டஸைத் தெரியாதவர்கள் குறைவு. பட்டாளத்தில் ஆர்மரராக இருந்தவர், அதாவது துப்பாக்கிக்கு வைத்தியர். குறி பிசகுகிறது என்று சிப்பாய் யாராவது ரைபிளைத் தூக்கிக்கொண்டு வந்தால் மறுபேச்சுப் பேசமாட்டார். மணல் மூட்டையின் மேல் அதை அசையாமல் படுக்கவைத்து ஐந்து குண்டு சுடுவார். ஓட்டைகள் ஒன்றாக விழுந்தால், "துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு, நீ உனக்க கையைப் பாருலே" என்று துரத்திவிடுவார். சிதறினால்தான் ஸ்பானரைத் தொடுவார்.

இப்படிப்பட்ட மனிதர் சொந்த மகள் விஷயத்தில் அந்த மூட்டையைத் தொடவே இல்லை.

மகள் ஷிபா துப்பாக்கி சுடும் கிளப்பில், கிளப் கொடுத்த பாயிண்ட் டூ டூ ரைபிளால் சுடுபவள். மாநிலப் போட்டியில் தேறினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு வழி உண்டு என்று அப்பாவும் மகளும் நம்பியிருந்தார்கள். ஐம்பது மீட்டரில் அவள் சுட்டு ஓட்டைகள் ஒன்றாக விழுந்த தாளை ஜஸ்டஸ் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தை எடுப்பதுபோல் எடுத்துக் காட்டுவார். கேட்டவர்களுக்கும் காட்டுவார், கேட்காதவர்களுக்கும் காட்டுவார். 2012 மழைக்காலத்தில் அந்தத் தாள்களில் ஓட்டைகள் விலக ஆரம்பித்தன.

"பேரலுக்குத்தான் கேடு" என்று குழலைக் குறை சொன்னார் ஜஸ்டஸ்.

"நேத்து சாயா டம்ளரைக் கீழ போட்டா. அவளுக்க கையைப் பாருங்க" என்றாள் மனைவி ராஜபாய்.

"துப்பாக்கியப் பத்தி உனக்கு என்னட்டீ தெரியும்?"

ராஜபாய் துப்பாக்கியைப் பற்றிப் பேசவே இல்லை. அது அவருக்குக் காதில் ஏறவில்லை.

அப்போதுதான் துபாயில் இருக்கும் தங்கை மகன் ரெனிஷ் போனில் ஒரு சேதி சொன்னான். அமெரிக்காவில் ரைபிள் குழலைக் கடுங்குளிரில் உறையவைத்து எடுக்கிறார்களாம். இரும்புக்குள் இருக்கிற இழுவிசையெல்லாம் அடங்கி, குண்டு ஒரே இடத்தில் விழுமாம். உடனே இதையும் சொன்னான்: "மாமா, பாதிப்பேர் இது சும்மா ஏமாத்துன்னுதான் எழுதியிருக்கான். குழல் கொஞ்சம் கூடுதல் நாள் உழைக்கும், குறிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னும் சொல்லுதான்."

ஜஸ்டஸ் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். வேண்டியது மட்டும் கேட்கும் காது எல்லாருக்கும் உண்டு. அவருக்கு அன்று அது ரொம்பக் கூர்மையாக இருந்தது.

கடுங்குளிருக்கு எங்கே போவது? மாட்டுக்குச் சினை ஊசி போடும் ஜான்ரோஸ் பைக்கில் விந்தை உறையவைக்கும் திரவ நைட்ரஜன் கேனைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகிறவன். அவனைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தார். ஒரு பக்கம் அடைத்த எவர்சில்வர் குழாயில் பேரலை நிறுத்தி, சுற்றிலும் தெர்மாகோல் வைத்து, முதலில் ஆவியைக் காட்டி, பிறகு மெல்ல மெல்ல ஊற்றினார்கள். வீட்டுக் கொட்டகையின் கதவுகளைத் திறந்துபோட்டும் வெள்ளைப் புகை முழங்கால்வரை நின்றது. ஷிபா வாசலில் நின்று பார்த்தாள். இடது கையை வலது கையால் பிடித்திருந்தாள்.

"என்ன மக்ளே?"

"ஒண்ணுமில்லப்பா. குளிருது."

அடுத்த முறை கிளப்பின் சுடுதளத்தில் அவள் பழையபடி ஓட்டைகள் ஒன்றாக விழச் சுட்டாள். குளிர் வேலை செய்ததா, அப்பா மேல் இருந்த நம்பிக்கை வேலை செய்ததா, நோய் ஒரு நாள் லீவு விட்டதா, யார் கண்டது? ஜஸ்டஸ் குழந்தையைப்போல் குதித்தார். அந்த ஒரு தாள்தான் அவர்களைக் கெடுத்தது. பிறகு எத்தனை தாள் சிதறினாலும் ஸ்கோப்பைக் குறை சொன்னார், தோட்டாவைக் குறை சொன்னார், கடற்காற்றைக்கூட விடவில்லை. கிறிஸ்துமஸ் கழிந்து மாநிலப் போட்டியில் ஷிபா ரைபிளோடு சரிந்து விழுந்தாள்.

திருவனந்தபுரத்தில் தலையை ஸ்கேன் எடுத்துவிட்டு, கை நடுக்கம் எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்டார். டம்ளர் விழுந்த நாளை ராஜபாய்தான் சொன்னாள். கட்டி பெரிதாகிவிட்டது, முன்பே வந்திருந்தால் ஒருவேளை எடுத்திருக்கலாம் என்றார். ஈஸ்டருக்கு முன்பே ஷிபாவை அடக்கம் செய்தார்கள்.

ரைபிளைக் கிளப்பிடம் திருப்பி ஒப்படைக்க வேண்டிய நாளில், ஜஸ்டஸ் கிளப் ஆட்களிடம் அனுமதி கேட்டு மணல் மூட்டையைக் கொண்டுவந்து போட்டார். கூட ஜான்ரோஸ் வந்திருந்தான். ரைபிளைப் படுக்கவைத்து ஐந்து குண்டு சுட்டார். ஒரு பொத்தானால் மூடிவிடும் அளவுக்கு ஒரே ஓட்டை.

"பாத்தியளா அண்ணே, நம்ம நைட்ரஜன் பலிச்சிருக்கு" என்றான் ஜான்ரோஸ். ஆறுதலாகத்தான் சொன்னான்.

ஜஸ்டஸ் அதைப் பிடித்துக்கொண்டு கரையேறியிருக்கலாம். ஒரு கணம் ஏறத்தான் பார்த்தார். குழல் அப்போது கெட்டிருந்தது, குளிர் அதைத் தேற்றியது, அப்படியென்றால் தன்மேல் பாதிக் குற்றம்தான்.

"இல்ல மக்கா" என்றார். "உறையவைக்கியதுக்கு முந்தி சுட்டுப் பாத்தாத்தானே பலிச்சுதா பலிக்கலியான்னு சொல்ல முடியும்? நான் பாக்கல்ல. எப்படிப் பாக்கணும்னு தெரியாமலா? துப்பாக்கி நல்லதுன்னு வந்துட்டா பின்னே குத்தம் பிள்ளைக்க கையில இல்லியா? அதுக்குப் பயந்துட்டேன்."

வீட்டுக்கு வந்தபோது ராஜபாய் அடுக்களையில் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். நிமிராமல் கேட்டாள்.

"சுட்டியளா?"

"சுட்டேன்."

"துப்பாக்கிக்குக் கேடு இருந்துதா?"

இருந்தது என்று ஒரு பொய் சொல்ல நாக்கு தயாராக இருந்தது.

"இல்ல" என்றார்.

"அந்த டம்ளருக்கும் இல்ல" என்று சொல்லிவிட்டு, அவள் மறுபடியும் மாவைச் சலிக்கத் தொடங்கினாள்.