எதிராளி டீச்சரின் இரண்டு பாடவேளைகள்

இருபத்தெட்டு ஆண்டுகள் ஓர் உயர்நிலைப் பள்ளியின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். வரும் கடிதங்களைப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. எனவே, மொழி ஆசிரியை ஒருவருக்கு நடந்ததைத் தேதி பிசகாமல் சொல்ல முடியும்.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் எதிராளி டீச்சர். படிப்பவர் மனம் மாறும்படி கடிதம் எழுத ஒன்பதாம் வகுப்புக்குக் கற்றுக்கொடுத்தார். வாரத்துக்கு இரண்டு பாடவேளை. பாடத்திட்டத்தில் இல்லாத அந்த வகுப்பை நிர்வாகக் குழுவுக்கு மூன்று மனு கொடுத்து வாங்கியிருந்தார். எதை எழுதிக் காட்டினாலும், "சரி, எதிராளி என்ன சொல்வான்? அதையும் எழுதிட்டு வா" என்பார். இன்னொரு விதியும் உண்டு. தாளில் 'பயிற்சி' என்று போடக் கூடாது. உண்மையான முகவரி, தேதி, கையெழுத்து வேண்டும். "பயிற்சின்னு போட்டா அரை மனசோடதான் எழுதுவீங்க."

அந்த வகுப்பு தொடங்கிய பன்னிரண்டாம் ஆண்டு, பிப்ரவரி 6ஆம் தேதி, 'இந்த இரண்டு பாடவேளைகளை ஏன் நிறுத்த வேண்டும்' என்று குழுத் தலைவருக்கு எழுதச் சொன்னார். முப்பத்து நான்கு கடிதங்கள் வந்தன. மறுநாள் மதியம் சுற்றறிக்கை கொடுக்க ஆசிரியர் அறைக்குப் போனேன். டீச்சர் திருத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் கணக்கு ஆசிரியை. ஒன்பது ஆண்டுகளாக அக்கா, அக்கா என்று ஒரே மேசையில் சாப்பிட்டவர். அவர் பிரசவ விடுப்பில் இருந்தபோது அவருடைய வகுப்பைச் சுமந்தவர் டீச்சர்தான்.

"அக்கா, இந்தப் பொண்ணு உங்களை வறுத்தெடுத்திருக்காளே!"

"வறுக்கட்டும்டி. படிச்சு முடிச்சப்போ, வகுப்பை நிறுத்திடலாமான்னு எனக்கே தோணிடுச்சு."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் டீச்சர் எண்ணிப் பார்த்தால் முப்பத்து மூன்று கடிதங்கள்தான் இருந்தன. அந்தப் பெண்ணின் கடிதம் இல்லை. கணக்கு ஆசிரியையும் கூடவே குனிந்து அலமாரிக்கு அடியில் தேடினார்.

பிப்ரவரி 19, காலை பத்து இருபதுக்குத் குழுத் தலைவர் பெயருக்கு முகவரியிட்ட ஓர் உறையைக் கணக்கு ஆசிரியை என்னிடம் கொடுத்தார். "ஒரு பெற்றோர் கொடுத்தாங்க சார்" என்றார். ஒட்டிய உறையைப் பிரிப்பது என் வேலை அல்ல. நேரத்தையும் கொடுத்தவரையும் பதிந்து அனுப்பினேன்.

27ஆம் தேதி குழு கூடியது. இரண்டு ஆசிரியைகளையும் அழைத்திருந்தார்கள்; குறிப்பெடுக்க நானும் இருந்தேன். அரையாண்டுத் தேர்வில் கணக்குத் தேர்ச்சி குறைந்து கணக்கு ஆசிரியையின் தலை உருண்டுகொண்டிருந்தது. தலைவர் அந்த உறையிலிருந்த கடிதத்தைப் படித்தார். கடிதம் எழுதும் வகுப்பின் நேரத்தைக் கணக்குக்குக் கொடுத்தால் தேறிவிடுவோம் என்று மாணவி கெஞ்சியிருந்தாள்.

"சார், அது நான் கொடுத்த பயிற்சி. இவளும் பக்கத்துல இருந்து படிச்சா. கேளுங்க."

கணக்கு ஆசிரியை மேசையைப் பார்த்தார். "எனக்கு ஞாபகம் இல்லைங்க சார்."

நான் எழுந்து பதிவேட்டைப் படித்தேன். ஆசிரியர் அறையில் கேட்ட பேச்சையும் சொன்னேன்.

தலைவர் கையமர்த்தினார். "யார் கொண்டு வந்தா என்னய்யா? பயிற்சியோ நிசமோ, பொண்ணு சொல்ற காரணம் சரியாத்தானே இருக்கு? என் மனசே மாறிடுச்சு."

இரண்டு பாடவேளைகளும் கணக்குக்குப் போயின. அந்தத் தீர்மானத்தை என் கையாலேயே எழுதினேன்.

வெளியே நடைக்கூடத்தில் டீச்சர் கணக்கு ஆசிரியையை நிறுத்தினார். "வாயைத் திறந்து கேட்டிருந்தா ஒரு பாடவேளை கொடுத்திருப்பேனேடி."

"கேட்டா விடுவீங்களா? பேசியே மடக்கிடுவீங்க. ஒன்பது வருஷத்துல ஒரு தடவை உங்ககிட்ட ஜெயிச்சிருக்கேனா?"

அக்கா என்ற சொல் அதில் இல்லை.

"என்னை ஜெயிக்க என் பிள்ளை கையெழுத்துதான் கிடைச்சுதா உனக்கு?"



வகுப்பில் அந்தப் பெண்ணோடு யாரும் பேசவில்லை, காட்டிக்கொடுத்தவள் என்று. டீச்சர் வகுப்பிலேயே நடந்ததைச் சொல்லிப் பார்த்தார். பாதிப் பேர் நம்பினார்கள். கடிதத்தைத் திருப்பிக் கேட்டு மனுக் கொடுத்தார். கோப்பில் சேர்ந்த ஆவணத்தைத் தர இயலாது என்று பதில் வந்தது. அந்தப் பதிலை வாங்க அலுவலகத்துக்கு வந்தபோது அந்தப் பெண்ணையும் அழைத்து வந்திருந்தார்.

"தாள் இனிமே நம்ம கைக்கு வராதும்மா. மார்க்கு மட்டும் சொல்றேன். ஐம்பதுக்கு ஐம்பது."

அவள் தலை நிமிரவில்லை. "வேண்டாம் டீச்சர். பெயில்னு போடுங்க."