மூன்று பெயர்க்காரர்

தொம்மலூர் ஸ்ரீவித்யா பள்ளிப் படிப்பை மஸ்கட்டில் முடித்தவர். அப்பாவுக்கு அங்கே வேலை. அங்கே கற்ற அரபி மொழியை வைத்து இப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் வளைகுடா நோயாளிகளுக்கு மொழிபெயர்க்கிறார். கூடவே சம்பளமில்லாத வேலை ஒன்றும் ஒட்டிக்கொண்டது. வட்டாரத்தில் தாடியும் நீள அங்கியுமாக யார் நடந்தாலும் காவல் நிலையம் அவரைத்தான் அழைக்கும். ஒருமுறை பேரீச்சம்பழப் பெட்டிக்காகப் போனார். இன்னொரு முறை மொட்டைமாடியில் தொழுத மாணவர்களுக்காக.

அன்று காலை சப்-இன்ஸ்பெக்டர் ரவிக்குமார் அழைத்தார். "திமிங்கலம் சிக்கியிருக்கு மேடம், வாங்க."

பெஞ்சில் இருந்தவரைப் பார்த்ததும் ஸ்ரீவித்யாவுக்கு அடையாளம் தெரிந்தது. ஓமானிலிருந்து வந்த அபூ ஃபாரிஸ். மகன் ஃபாரிஸுக்கு அன்று நண்பகல் இதய அறுவை சிகிச்சை. அம்மா ஊரில் இருக்கிறாள். கையெழுத்துப் போட அப்பா ஒருவர்தான். நேற்று மாலையிலிருந்து அவரைக் காணாமல் மருத்துவமனை தேடிக்கொண்டிருந்தது.

"இவரு இங்க எதுக்கு சார்?"

"பாஸ்போர்ட்ல காலித். ஆஸ்பத்திரி சீட்டுல சயீத். லாட்ஜ்ல அபூ ஃபாரிஸ். சம்சாரம் பேரு கேட்டா வாயே தொறக்கல. அபூன்னு ஆரம்பிச்சா இயக்கப் பேருன்னு ட்ரெயினிங்ல சொல்லியிருக்காங்க."

"சயீத் அவரோட அப்பா பேரு சார், நம்ம இனிஷியல் மாதிரி. அபூ ஃபாரிஸ்னா ஃபாரிஸோட அப்பா. அப்படிக் கூப்பிடறது மரியாதை. வீட்டுப் பொம்பளைங்க பேரை வெளியாள்கிட்ட சொல்லவும் மாட்டாங்க."

"எல்லாத்துக்கும் ஒரு கதை வெச்சிருக்கீங்க."

ரவிக்குமாரின் செல்பேசி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காபியை எடுத்தார். மனைவியின் குரல்.

"சீனு அப்பா, மத்தியானம் சாப்பிட வருவீங்களா, மாட்டீங்களா?"

"உங்களுக்கும் இயக்கப் பேரு இருக்கு போல சார்," என்றார் ஸ்ரீவித்யா.

காபி வாய்க்குப் போகாமல் நின்றது.

"இவரை எங்க புடிச்சீங்க?"

"புடிக்கல. நேத்து சாயங்காலம் அவரே வந்தாரு. கைய ஆட்டி ஆட்டி என்னமோ சொன்னாரு. லாட்ஜுக்கும் போய் விசாரிச்சோம். அப்புறம் இவரையும் விசாரிச்சோம்."

"எந்த பாஷையில?"

ஸ்ரீவித்யா அரபியில் கேட்டார். அபூ ஃபாரிஸ் கொட்டித் தீர்த்தார். லாட்ஜின் மூன்றாம் மாடியில் ஒருவன் விசா நீட்டித்துத் தருவதாகச் சொல்லி நோயாளிகளின் பாஸ்போர்ட் நகல்களை வாங்கி, அவர்கள் பெயரில் சிம் அட்டைகள் எடுக்கிறான். பை நிறைய இருக்கிறது. இவர் பெயரிலும் ஒன்று. அதைச் சொல்லத்தான் வந்தாராம்.

ரவிக்குமார் லாட்ஜுக்கு ஆள் அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் தகவல் வந்தது. மூன்றாம் மாடி அறை காலி. நேற்று போலீஸ் வந்து அரபிக்காரரைப் பற்றி விசாரித்ததுமே அந்த ஆள் கிளம்பிவிட்டான்.

"அவன் எப்படி இருப்பான்னு கேளுங்க மேடம்," என்றார் ரவிக்குமார். குரல் இறங்கியிருந்தது.

அபூ ஃபாரிஸ் சுவரைப் பார்த்தபடி சொன்னதை ஸ்ரீவித்யா அப்படியே சொன்னார்: "யாரையும் பாக்கலையாம்."

"இப்பதானே பாத்தேன்னாரு?"

"நேத்து கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு சார்."

ஜீப்பில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார்கள். அபூ ஃபாரிஸ் அதில் ஏறவில்லை. ஆட்டோவில் போனார்கள். ஃபாரிஸ் அழுது களைத்துத் தூங்கியிருந்தான். அப்பா அவன் நெற்றியைத் தொட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டார். குறித்த நேரத்துக்குக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அவர் பெயரில் எடுத்த சிம் அட்டை மட்டும் யாரோ ஒருவன் பையில் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது.