எட்டு மார்க் சந்தோஷம்

கடலூர் மாவட்டத்தில் இருபது வருடம் வீடு வீடாகப் போய் சர்வே ஃபாரம் நிரப்பியவன் நான். அதில் என் வயிறு அதிகம் எரிந்தது, ஃபீல்டு சூப்பர்வைசர் பதவி காலியான அந்த மாதம்தான். என்னைவிட ஏழு வருடம் ஜூனியரான இளங்கோ எழுதிய ரிப்போர்ட்டை மேனேஜர் மீட்டிங்கில் தூக்கிக் காட்டினார்.

“பாத்தீங்களா, ஒரு கட்சிக்காரங்க பத்துக்கு எட்டு மார்க் சந்தோஷமா இருக்காங்க. இன்னொரு கட்சி மூணு, நாலுதான். எந்தக் கட்சின்றதுலதான்யா மனுஷன் சந்தோஷமே இருக்கு! பிரமாதம் இளங்கோ.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் ஒரே கட்சி, அதனால்தான் இந்தக் கொஞ்சல் என்று முடிவே கட்டிவிட்டேன். தினமும் மதியம் அவர் ரூமில் அரசியல் பேசுகிறார்கள், வேறென்ன சாட்சி வேண்டும்?

குற்றம் கண்டுபிடிக்கவே ஃபாரம் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டு போட்ட கட்சிக்காரர்கள் பெரும்பாலும் சிதம்பரத்தில் இளங்கோ பார்த்தவர்கள். மூன்று, நான்கு போட்ட இன்னொரு கட்சிக்காரர்கள் பண்ருட்டி பலா மண்டியில் லோடு ஏற்றுபவர்கள். ஃபாரத்தின் தலையில் பேட்டி எடுத்த நேரம் எழுதியிருக்கும். சிதம்பரம், மாலை ஆறு மணி, வீட்டில். பண்ருட்டி, பகல் பன்னிரண்டு, மண்டியில். பண்ருட்டி ஃபாரங்களில் இருந்த கையெழுத்து என்னுடையது. கோட்டாவை முடிக்கும் அவசரத்தில் லாரிக்குப் பின்னாலேயே நின்று கேட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த மண்டி ஆட்களில் ஒருவரை வீட்டில் போய்ப் பார்த்தேன். குளித்துவிட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“அன்னிக்கு தலையில பலாவ வச்சிக்கினு நிக்கிறேன், சந்தோஷமான்னு கேக்குற. என்னா சொல்லுவேன்? இப்ப எட்டு போட்டுக்க.”

“கட்சி?”

“அது எதுக்கு மாறுது?”

இன்னும் நான்கு பேரைப் பார்த்தேன். மூன்று பேருக்கு மார்க் ஏறியது. கட்சி ஒருவருக்கும் மாறவில்லை.

என் தப்பு வெளியே வந்தாலும் பரவாயில்லை, இளங்கோ கவிழ்ந்தால் போதும் என்று நினைத்து, மார்க் மாறுவது கட்சியால் இல்லை, கேட்ட நேரத்தாலும் இடத்தாலும்தான் என்று அடுத்த மீட்டிங்கில் எழுந்து சொன்னேன். மேனேஜர் முகம் சுருங்கியது. இளங்கோ ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி எங்கள் முன் வைத்தான். ‘இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன, அவ்வளவே. பேட்டி எடுத்த நேரமும் இடமும் வேறு வேறு. கட்சிதான் காரணம் என்று கொள்ளக் கூடாது.’ என் பெயரை எங்கும் எழுதவில்லை. அந்தப் பக்கத்தை மேனேஜரும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை.

பதவி அவனுக்குப் போனது. வாசலில் வைத்துக் கேட்டே விட்டேன்.

“நீயும் அவரும் ஒரே கட்சிதான?”

“யாருண்ணே சொன்னது? நான் அவருக்கு நேர் எதிர் கட்சி. தெனம் ரூம்ல சண்டைதான் நடக்குது.”

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். இரண்டு விஷயம் சேர்ந்தே தெரிந்தால், மூன்றாவதாக ஏதாவது நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். என் விஷயத்தில் நான் பார்க்காமல் விட்ட மூன்றாவது, அவன் என்னைவிட நன்றாக வேலை செய்தான் என்பது. அது தெரிந்த பிறகு என் வயிறு இன்னும் ஜாஸ்தியாகத்தான் எரிந்தது.